ஜனவரி 26, காலை 10.18: கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டத்தின் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், ஊராட்சி நிர்வாகத்தை நடத்திவரும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

குடியரசு நாளை நம் மாவட்டத்து ஊர்களில் கொண்டாடும் முறையில் ஒரு மாற்றத்தைக் கோரி இம்மடலை எழுதுகிறேன். ஜனவரி 26 அன்று காலையில் பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் நடக்கும் கொடியேற்றத்தையும், அதே நாள் முற்பகலில் கூடும் கிராம சபையையும் ஒரே நிகழ்ச்சியாக இணைக்க வேண்டும். அதில் சொற்பொழிவுகளைக் குறைத்துவிட்டு, அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையையும் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இது புதுமை செய்ய வேண்டும் என்பதற்காகப் புனைந்த யோசனை அன்று. ஜனவரி 26 என்ற நாள் நாட்டின் நாட்காட்டியில் இடம்பிடித்ததே இந்த முறையில்தான் என்பதை எடுத்துச் சொல்வது, இம்மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற எனக்குக் கடமையென்று படுகிறது.

1929 டிசம்பர் இறுதியில் லாகூரில் ஜவாகர்லால் நேருவின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, டொமினியன் தகுதி, அதாவது பிரிட்டிஷ் முடியின்கீழ் தன்னாட்சி, என்ற பழைய கோரிக்கையைக் கைவிட்டு, முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் கடைசி நாள் நள்ளிரவில் ராவி ஆற்றங்கரையில் மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. பள்ளி விழாக்களில் நாம் சொல்லும் கதை பெரும்பாலும் இந்தக் காட்சியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மாநாட்டுப் பந்தலில் எடுத்த முடிவை ஊரும் நாடும் ஏற்க வேண்டாமா? அதற்காகவே 1930 ஜனவரி 26ஆம் நாள் குறிக்கப்பட்டது. அது அம்மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அன்று ஊர் ஊராக மக்கள் கூடினார்கள், கொடி ஏற்றப்பட்டது, விடுதலை உறுதிமொழி அந்தந்தப் பகுதியின் மொழியில் வாசிக்கப்பட்டு, கூடியிருந்தவர்களின் இசைவு பெறப்பட்டது. பேச்சோ தூண்டுரையோ இல்லாமல், அமைதியாகவும் கண்ணியமாகவும் நாடெங்கும் பெருங்கூட்டங்கள் அந்த உறுதிமொழியை ஏற்ற விதம் தம் மனத்தை மிகவும் கவர்ந்ததாக நேரு பின்னாளில் எழுதியிருக்கிறார். மேடைப் பேச்சுக்குப் பேர்போன ஒரு கட்சி, தன் வரலாற்றின் மிகப் பெரிய நாள்களில் ஒன்றைப் பேச்சில்லாமல் நடத்தியது என்பதை நம் விழாக் குழுவினர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த உறுதிமொழியை இன்று எடுத்துப் படித்தால், அதில் வீர முழக்கத்தைவிடக் கணக்கு வழக்கே மேலோங்கி நிற்பது தெரியும். பிற நாட்டாரைப் போலவே இந்தியருக்கும் விடுதலை பெறவும், தம் உழைப்பின் பயனைத் துய்க்கவும், வாழ்க்கைக்கு வேண்டியவற்றை அடையவும் பறிக்க முடியாத உரிமை உண்டு என்று தொடங்கும் அது, சில வரிகளிலேயே எண்களுக்கு வந்துவிடுகிறது. இந்தியர் ஒருவரின் சராசரி வருவாய் நாளொன்றுக்கு ஏழு காலணா, அதாவது இரண்டணாவுக்கும் குறைவு. மக்கள் கட்டும் கனத்த வரியில் நூற்றுக்கு 20 பங்கு உழவரிடம் நிலவரியாகவும், நூற்றுக்கு 3 பங்கு ஏழைகளை மிகவும் வாட்டும் உப்பு வரியாகவும் வசூலாகிறது. கைநூற்பு முதலான கிராமத் தொழில்கள் அழிந்துபோனதால் உழவர்கள் ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் வேலையின்றிக் கிடக்கிறார்கள். சுங்கமும் நாணயமும்கூட உழவர் தலையில் சுமையேற்றும்படி கையாளப்படுகின்றன என்று அது அடுக்கிச் செல்கிறது. நாட்டின் வரவையும் செலவையும், யாரிடம் எடுத்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் ஊர்ப் பொதுவில் வாசித்து, ‘இது சரியா?’ என்று மக்களைக் கேட்ட கூட்டம் அது. அன்று வாசித்த கணக்கு ஏட்டோடு நிற்கவும் இல்லை. அந்த நூற்றுக்கு மூன்று பங்கு உப்பு வரியை எதிர்த்துத்தான் மார்ச் 12ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக்குப் புறப்பட்டார். ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்.

அதிலிருந்து 1947 வரை ஜனவரி 26தான் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 15 என்ற நாளோ மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்ததன் ஆண்டு நிறைவு என்பதால் அது அவர் மனத்துக்கு உகந்ததாக இருந்தது. விடுதலை வந்த நாளை அவர் குறித்துக் கொடுத்தார். விடுதலை வேண்டும் என்று கேட்ட நாளை நாமே குறித்தோம். அந்த நாள் வழக்கொழிந்து போகக் கூடாது என்பதற்காகவே, 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டம், குடியுரிமை, தேர்தல் ஆணையம் போன்ற சில பிரிவுகள் நீங்கலாக, இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. முகவுரையின் கடைசியில் நவம்பர் 26 என்று இருக்கிறதே, பிறகு ஏன் ஜனவரியில் விழா என்று வகுப்பில் கேட்கும் மாணவருக்குத் தர வேண்டிய விடை இதுதான்.

இந்த இடத்தில் நம் மாவட்டம் வரலாற்றுக்குள் நுழைகிறது. 1950 ஜனவரி 26 காலை, டெல்லியில் அன்று அரசு மாளிகை எனப்பட்ட இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையின் தர்பார் மண்டபத்தில், இந்தியா இறையாண்மை மிக்க மக்களாட்சிக் குடியரசு ஆயிற்று என்ற பிரகடனத்தை வாசித்தவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10இல் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். நேரம் 10 மணி 18 நிமிடம். ஆறு நிமிடம் கழித்து ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 1948 ஜூன் 21 முதல் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, தாம் வகித்த பதவியையே இல்லாமல் ஆக்கும் ஓர் அறிவிப்பைத் தம் வாயாலேயே வாசித்துவிட்டு இறங்கினார். அப்பதவியில் அவருக்குப் பின் யாரும் இல்லை.

ராஜாஜியைப் போற்றிப் பாடுவதற்காக இதை நான் எழுதவில்லை. முதலமைச்சராக 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்வேன். ஆயினும் ஒரு நாடு தன்னைக் குடியரசு என்று அறிவித்துக்கொண்ட அந்தச் சில வரிகளை வாசித்த குரல் நம் மாவட்டத்துக் குரல் என்பது, அவருடைய பிற செயல்களால் கூடவோ குறையவோ செய்யாத செய்தி. தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. பிறந்த நாளுக்கு மாலை விழுகிறது. குடியரசு நாள் காலை 10.18க்கு அங்கே ஓசூர்ப் பகுதிப் பள்ளிகளின் மாணவர்கள் சிலரைக் கூட்டி, முகவுரையை வாசிக்கச் செய்வதில் மாவட்ட நிர்வாகத்துக்கு எந்தத் தடையும் இருக்க முடியாது. பக்கத்து மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்கும் இதே முறை பொருந்தும் என்றாலும், லாகூர் மாநாட்டுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1925இல், அவர் மறைந்துவிட்டார். அவரை நினைக்க ஆகஸ்ட் 15 தக்க நாள்.

இனி, இப்போது நடப்பதைப் பார்ப்போம். மாவட்டத் தலைநகரில் தாங்கள் கொடியேற்றி, காவலர் அணிவகுப்பு மரியாதையை ஏற்று, வெண்புறாக்களையும் பலூன்களையும் பறக்கவிட்டு, தியாகிகளின் குடும்பத்தாருக்குப் பொன்னாடை அணிவித்து, அலுவலர்களுக்கு நற்சான்று வழங்கும் விழா ஒழுங்காகவே நடக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஊர்களில் நடப்பதுதான் வேறு. சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஜனவரிக் காலையின் பனி எப்படி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. முதல் நாள் மாலையே உடற்கல்வி ஆசிரியர் ரோஜா இதழ்களையும் உதிரிச் சாமந்தியையும் கொடிக்குள் வைத்து மடித்து, ஒரு சுண்டலில் அவிழும்படி சுருக்கு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கத் தொடங்கிய பிள்ளைகள் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வந்து கயிற்றை இழுத்ததும் பூ கொட்டும். கொட்டாமல் முடிச்சு இறுகிக்கொண்டால் பின்வரிசையிலிருந்து சிரிப்பொலி கேட்கும். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் சுதந்திர நாள் உரையையே மறுபடி நிகழ்த்துவார்கள்; கப்பலோட்டியவரும் தூக்கு மேடை ஏறியவரும் வருவார்கள், அம்பேத்கரும் அரசியல் நிர்ணய சபையும் வரமாட்டார்கள். வெயில் ஏறி, சின்னப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்து, ஆசிரியை ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்த காட்சியை நான் பணியாற்றிய பள்ளியொன்றில் கண்டிருக்கிறேன். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. மிட்டாய் கொடுத்து முடித்ததும் பள்ளி காலியாகிவிடும். சட்டையில் குத்திய காகிதக் கொடிகள் மாலைக்குள் சாக்கடையோரம் கிடக்கும். அவற்றைத் தரையில் எறியக் கூடாது என்று 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள கொடிச் சட்டத் தொகுப்பு சொல்வதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பள்ளி காலியான பிறகுதான் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின் வழியே கிராம சபைக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவோ அதே ஏட்டில்தான் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் பல ஊர்களில் அது எப்படி நடக்கிறது? தொலைக்காட்சிப் பெட்டி அறைத் திண்ணையிலோ புளியமரத்தடியிலோ நாலைந்து நாற்காலிகள் போட்டு, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்காரவைத்து, தீர்மானப் புத்தகத்தில் முதலில் கையெழுத்தையும் கைநாட்டையும் வாங்கிவிட்டு, அதன் பிறகு தீர்மானங்களைப் படிக்கிறார்கள். கூட்டத்தை மேற்பார்வையிடப் பற்றாளராக வந்த அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வரவு செலவு அறிக்கை பதாகையாக ஒரு மூலையில் தொங்குகிறது. அதில் உள்ள எழுத்தைப் படிக்க நெருங்கிப் போக வேண்டும், நெருங்கிப் போனவரை ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். தெருவிளக்குப் பராமரிப்புக்கு எவ்வளவு, குடிநீர் மோட்டார் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் அவர் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது.

எல்லா ஊரும் இப்படியல்ல. மாவட்டத்தின் முந்நூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஒழுங்காக நடத்துகிறவையும் உண்டு, அவற்றின் பொறுப்பாளர்கள் என்மீது வருந்த வேண்டாம். ஆனால் நன்றாக நடக்கும் ஊரிலும்கூட, காலையில் கொடிக்கு வணக்கம் செலுத்திய பிள்ளைகள் அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. குடியரசு என்றால் டெல்லியில் பீரங்கி ஊர்வலம் போவது என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் தவறன்று. தம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் கணக்கைத் தம் அம்மா எழுந்து நின்று கேட்பதும், அதற்கு அலுவலர் விடை சொல்லக் கடமைப்பட்டிருப்பதும் அவர்கள் கண்ணில் பட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களைக் கிராம சபையில் பார்வையாளர்களாக உட்காரவைப்பதற்குப் பள்ளிகள் ஏற்பாடு செய்யலாம். அவர்களுக்கு வாக்கில்லை, கையெழுத்திட உரிமையில்லை; கேட்பதற்கு உரிமை உண்டு.

முகவுரையை வாசிக்கும் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேப்பனப்பள்ளி, பாகலூர், பேரிகைப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. தளி, அஞ்செட்டிப் பக்கங்களில் கன்னடம் பேசுவோர் உண்டு. கிருஷ்ணகிரி நகரிலும் ஓசூரிலும் உருது பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இம்மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசுப் பள்ளிகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. நான்கு மொழிகளிலும் முகவுரை அச்சில் கிடைக்கிறது. தமிழில் முதலிலும், அந்த ஊரில் மிகுதியாகப் பேசப்படும் மற்றொரு மொழியில் அடுத்தும் வாசித்தால், ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கும் வாசகத்துக்குள் தாமும் இருப்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் மூதாட்டியும் அறிவார். 1930இலேயே உறுதிமொழி அந்தந்த ஊர் மொழியில்தான் வாசிக்கப்பட்டது என்பதால் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. தமிழின் இடம் இதனால் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு, எல்லைப்புற மாவட்டத்துக்காரன் என்ற முறையில் நான் சொல்வது: எங்கள் சந்தைகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் நான்கு மொழியும் கலந்துதான் பேசுகிறோம், தமிழ் நன்றாகவே இருக்கிறது.

கொடியை ஏற்றுவது யார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இம்மடலை எழுத முடியாது. அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் நாள் ஆற்றிய உரையில், 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நாம் நுழையப் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளியலிலும் சமத்துவமின்மை இருக்கும் என்று எச்சரித்தார். அவர் குறிப்பிட்ட நாளும் நாம் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடும் நாளும் ஒன்றே. பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதற்குத் தடை ஏற்படக் கூடாது, அதை மாவட்ட ஆட்சியர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் 2022 ஆகஸ்டில் கடிதம் எழுத வேண்டியிருந்தது. குடியரசாகி எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட கடிதம் அது. தலைவர் பதவியில் யார் இருந்தாலும், அப்பதவி காலியாக இருந்து அலுவலர் பொறுப்பில் இருந்தாலும், கொடியேற்றம் ஊர்க் கிராம சபைக்கு முன்னால் நடக்குமானால் யார் ஏற்றினார்கள், யார் ஒதுங்கி நிற்க வைக்கப்பட்டார்கள் என்பதை ஊர் முழுவதும் பார்க்கும். தீர்மானப் புத்தகத்திலும் அதைப் பதியலாம். நான்கு சுவருக்குள் நடக்கும் நிகழ்ச்சியில் செய்யத் துணிகிறவற்றைப் பொதுவில் செய்யத் தயங்குவார்கள் என்பது என் நம்பிக்கை. காலனியில் ஒரு முறையும் ஊருக்குள் ஒரு முறையுமாகக் கிராம சபையின் இடத்தை மாற்றி மாற்றி நடத்தும் ஊராட்சிகள், கொடிக்கம்பத்தையும் அதன்படியே நட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை 9.30க்குக் கொடியேற்றம் வைப்பது பொருந்தும். பூப்பறிப்பு, தக்காளி அறுப்பு வேலைக்குப் போனவர்கள் அதற்குள் திரும்ப முடியும். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டு; விடுமுறை தராத நிறுவனங்களைத் தொழிலாளர் துறை ஆய்வு செய்யும்போது, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ஊர்களிலிருந்து போகிறவர்களில் பலர் அவர்கள்தாம். கொடியேற்றி நாட்டுப்பண் பாடியதும், ஒரே ஒருவர், ஐந்து நிமிடத்துக்கு மிகாமல், 1930இலும் 1950இலும் இந்நாளில் நடந்தவற்றைச் சொல்லட்டும். அவர் அரசியல்வாதியாக இல்லாமல் பத்தாம் வகுப்பு மாணவியாக இருந்தால் இன்னும் நன்று. 10.18க்கு முகவுரை வாசிப்பு. அதைத் தொடர்ந்து கிராம சபை; முதல் பொருளாக வரவு செலவுக் கணக்கு, ஒலிபெருக்கியில், தொகை தொகையாக. கையெழுத்து கடைசியில். சிறு பிள்ளைகளை முகவுரை முடிந்ததுமே மிட்டாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இவற்றுக்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டியதில்லை. கிராம சபைக் கூட்டப் பொருள் குறித்த சுற்றறிக்கை ஊராட்சிகளுக்கு எப்படியும் போகும். அதனோடு நேர மாற்றத்தையும், நான்கு மொழி முகவுரை அச்சிட்ட ஒரு தாளையும், மாணவர் பங்கேற்புக்கான அனுமதியையும் சேர்த்து அனுப்பினால் போதும். பொங்கல் விடுமுறையும் எருது விடும் விழாக்களும் முடிந்து ஊர் நிதானத்துக்கு வர ஜனவரி இருபது தேதி ஆகிவிடும் என்பதால், அது பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் டிசம்பர் இறுதிக்குள் கிடைத்தால்தான் ஒத்திகைக்கு நேரம் இருக்கும். எல்லா ஊராட்சியிலும் ஒரே ஆண்டில் செய்ய இயலாதென்று தாங்கள் கருதினால், ஒன்றியத்துக்கு ஓர் ஊராட்சி என்று தொடங்கலாம். ஓசூர் ஒன்றியத்துக்குத் தொரப்பள்ளியைப் பரிந்துரைக்கிறேன். வரலாற்றுப் பகுதியை எழுதிக் கொடுக்கவும், மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி தரவும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் அணியமாக இருக்கிறோம். வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக எங்களை அழைக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
சூளகிரி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.